திக்சேயில் கழற்றிய சட்டை

இமயமலைக் குளிரில், புத்த மடத்தின் நடுவே, சட்டையைக் கழற்றிவிட்டு நின்ற மடையன் நான்தான். லடாக் போகிறவர்கள் அங்கே அந்தக் கதையைக் கேட்க நேர்ந்தால், ஆள் தக்கலைக்காரன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஊரில் எனக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை மிச்சமிருக்கிறது.

ஜூன் மாதம். தக்கலையிலிருந்து திருவனந்தபுரம் வரை பஸ். பிறகு டெல்லி வழியாக லே. விமானம் இறங்கும் இடமே பத்தாயிரம் அடிக்கு மேல். மூச்சு பாதிதான் உள்ளே போகும். முதல் இரண்டு நாள் விடுதியில் படுத்தே கிடந்தோம். ஜன்னலில் தெரிந்த ஒன்பது மாடிப் பழைய அரண்மனையைப் பார்த்து, "நம்ம பத்மநாபபுரம் அரண்மனைக்கு இது உறை போடக் காணுமா?" என்றேன். என் மனைவி லலிதா போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். அவள் ஊர் பார்க்க வந்தவள் அல்ல. அவளுடைய அண்ணன் பட்டாளத்தில் பல வருடம் இங்கேதான் இருந்தார். லீவில் வரும்போதெல்லாம் திக்சே மடத்தின் வெண்ணெய் விளக்குகளைப் பற்றியே பேசுவார். போன வருடம் இறந்துபோனார். அங்கே அவர் பேரில் ஒரு விளக்கு ஏற்ற வேண்டும். அவள் என்னிடம் கேட்ட ஒரே பயணம் இதுதான்.

மூன்றாம் நாள் காலை. மறுநாள் ஊருக்கு விமானம். டிரைவர் ஸ்டான்சினின் காரில் பத்தொன்பது கிலோமீட்டர். மலைச் சரிவில் வெள்ளைப் பெட்டிகளை அடுக்கியது போல மடம். உள்ளே முரசும் மந்திரமும். லலிதா செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் போய், ஏற்ற வேண்டிய விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள்.

நான் ஷூவைக் கழற்றினேன். அதோடு கை நிற்கவில்லை. எங்கள் பக்கத்துத் திருவட்டாறு, சுசீந்திரம் கோயில்களில் ஆண்கள் சட்டையோடு உள்ளே போக முடியாது. சின்ன வயதிலிருந்து ஊறிய பழக்கம். ஜாக்கெட், ஸ்வெட்டர், சட்டை, பனியன் எல்லாம் கழன்று இடுப்புக்கு வந்தன. கம்பளியோடு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, 'பக்தி போதாது' என்று மனதுக்குள் மார்க்கும் குறைத்துவிட்டு, தொந்தி குலுங்க நடுவே நடந்தேன்.

முரசு நின்றது. துறவிகள் மொத்தமும் திரும்பினார்கள்.

"அய்யோ, என்னத்தச் செய்யுதிய?" என்றாள் லலிதா.

நான் வாய் திறக்கும் முன் ஸ்டான்சின் பாய்ந்து வந்தான். இந்த உயரத்தில் மூளை கலங்கியவர்கள் இப்படித்தான் ஏதாவது செய்வார்களாம். கம்பளியைச் சுற்றி, கையோடு கொண்டுவந்திருந்த ஆக்ஸிஜன் டின்னை மூக்கில் வைத்து அழுத்தினான். என் அரைகுறை இந்தியில், "எங்க ஊர் சாமி... சட்டை வேண்டாம்" என்றேன். அவனுக்கிருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போய்விட்டது. இழுத்துக்கொண்டு ஓடினான். லலிதாவும் பயந்துபோய், ஏற்றாத விளக்கை அங்கேயே வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

லேயில் ஆஸ்பத்திரி. விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தால் எல்லாம் சரி. "பிறகு ஏன் கழற்றினீர்கள்?" என்றார் டாக்டர். எங்கள் ஊர்க் கோயில் வழக்கத்தைச் சொன்னேன். அவர் நெடுநேரம் மேஜையைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. ஸ்டான்சின் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தான். லலிதா சிரிக்கவில்லை.

எதற்கும் இருக்கட்டுமென்று மாலைவரை படுக்கப் போட்டார்கள். இனி திக்சே போய்ச் சேர்வதற்குள் நடை சாத்திவிடுவார்கள். "அரண்மனைக்கு மேலே, பழைய கோட்டையில் ஒரு புத்தர் கோயில் உண்டு, அங்கேயும் விளக்கு ஏற்றலாம். அம்மா போகட்டும். நீங்கள் மட்டும் ஏறக் கூடாது" என்றான் ஸ்டான்சின்.

அரண்மனை வாசலில் காருக்குள் இருந்தபடி பார்த்தேன். இடிந்த கோட்டைச் சுவரை நோக்கி அவளுடைய பச்சை ஸ்வெட்டர் ஏறியது, மூச்சு வாங்கி நின்றது, மறுபடி ஏறியது. அண்ணன் சொன்ன இடம் அது அல்ல. அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவளை எழுப்பி ஓடவைத்தவன் நான். சட்டையில்லாமல் நின்றபோது வராத கூச்சம், கழுத்துவரை கம்பளி போர்த்தியிருந்தபோது வந்தது.

இருட்டுவதற்குள் இறங்கி வந்தாள். விரல்களில் வெண்ணெய் வாசம். கார் விடுதிக்குப் பாதி வழி வந்திருக்கும். என் வாய் சும்மா இருக்குமா?

"ஏட்டி, எனக்கும் சேத்து ஒரு விளக்கு ஏத்துனியா?"

"நீங்க இன்னும் சாவல்லியே."