மஞ்சூர் ஈரத்தில் காய்ந்த கண்கள்

ஒரு புள்ளியைத் தவறவிட்டேன். அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

எங்கோ வெளிநாட்டில் டாக்டர்கள் நோயாளியைப் பற்றிப் பேசிப் பதிவு செய்வதைக் கம்ப்யூட்டர் எழுத்தாக்கித் தருகிறது. அதைக் காதில் கேட்டபடியே திரையில் பார்த்துத் திருத்துவது என் வேலை. மலைமேல் இருக்கும் மஞ்சூரில் எங்கள் வீட்டு ஜன்னலோர மேசைதான் ஆபீஸ். ஒரு மருந்தின் அளவில் தசமப் புள்ளி விடுபட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. எனக்குமேல் சரிபார்ப்பவர்கள் பிடித்துவிட்டார்கள். கோயம்புத்தூரிலிருந்து சூப்பர்வைசர் போன் செய்தார்.

"இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா ஊட்டுல இருந்து பாக்கற வேலைய நிறுத்திருவாங்க மேடம். இங்க ஆபீசுக்கே வந்து உக்கார வேண்டியிருக்கும்."

மஞ்சூரிலிருந்து தினமும் போய் வருகிற தூரமா அது? மகளின் பள்ளிக்கூடம் இங்கே, கணவரின் வேலை இங்கே, நான் மட்டும் அங்கே ஹாஸ்டலில். ராத்திரி கணவரிடம் சொல்லிப் புலம்பினேன்.

புள்ளி விடுபட்டதற்குக் காரணம் அலட்சியம் இல்லை, கண். மத்தியானத்துக்குமேல் மிளகாய்த்தூள் பட்டதுபோல எரியும். எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். கசக்கிவிட்டுப் பார்த்தால் கொஞ்சம் தெளியும், மறுபடி எரியும்.

லீவு போட்டுவிட்டு, கண்ணைக் காட்ட மலையிலிருந்து கீழே இறங்கினேன். கண் டாக்டர் ஒரு சின்னப் பெண். அவர் காட்டிய எழுத்துகளையெல்லாம் கடகடவென்று வாசித்தேன்.

"பவர் சரியாத்தான் இருக்குங்க. கண்ணுல ஈரந்தான் இல்ல. ஏசிக்கு நேரா உக்காந்து வேலை பாக்கறீங்களா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஏசியாங்க? நாங்க மஞ்சூருங்க. எங்க ஊட்டுல ஃபேன் மாட்டறதுக்குக் கொக்கியே கெடையாது."

ஈரமில்லையாம்! ஆனி, ஆடி வந்தால் எங்கள் ஊரில் உப்பு கரைந்து ஓடும், தீப்பெட்டி நமத்துப்போகும், அலமாரியில் வைத்த தோல் செருப்பில் பூஞ்சணம் பூக்கும். அத்தனை ஈரத்தில் என் கண் மட்டும் எப்படிக் காய்ந்தது? டாக்டரும் யோசித்துப் பார்த்தார், பிடிபடவில்லை. சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். அடிக்கடி கண்ணைச் சிமிட்டவும், இடையிடையே திரையை விட்டுத் தூரத்தில் எதையாவது பார்க்கவும் சொல்லி அனுப்பினார்.

அந்தத் தூரத்தில்தான் வந்தது வம்பு. ஜன்னலைத் திறந்தால் மஞ்சு என்கிற மூடுபனி. எதிர்ச்சரிவுத் தேயிலையும் தெரியாது, எங்கள் வீட்டு கேட்டும் தெரியாது. வெள்ளைவெளேரென்று ஒன்றுமே இல்லாததைப் பார்த்தால் தூரம் பார்த்த கணக்கில் சேருமா? ஒரு சந்தேகம் வந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. கிளினிக்குக்கே போன் போட்டுக் கேட்டேன்.

டாக்டர் சிரித்துவிட்டார். "கண்ணு எதையாவது ஒண்ணப் புடிச்சுப் பாக்கணுங்க. வெறும் மஞ்சு மூட்டத்தப் பாத்தா அதுக்கு எங்க போய் நிக்கறதுன்னே தெரியாது."

கடைசியில் வீட்டுக்குள்ளேயே தூரத்தைக் கண்டுபிடித்தேன். நாற்காலியைத் திருப்பினால் கூடம், அதற்கப்பால் அடுக்களை, அதன் கடைசிச் சுவரில் சர்ச்சில் கொடுத்த காலண்டர். நாலு பக்கம் திருத்தினால் ஒருமுறை திரும்பி அதில் தேதி பார்ப்பேன்.

அடுத்த சந்தேகம்: நான் சிமிட்டுகிறேனா, இல்லையா? இதை நாமே கவனிக்க முடியாது. நினைத்த உடனே கண் நல்ல பிள்ளையாகிப் படபடவென்று அடித்துக்கொள்கிறது. எனவே கணவரைப் பிடித்தேன். அவர் பஸ் டிரைவர், அன்று அவருக்கு ஓய்வு. டீயைக் கையில் கொடுத்து எதிரே உட்காரவைத்து, நான் வேலை செய்யும்போது என் முகத்தையே பார்க்கச் சொன்னேன்.

"பொண்ணு பாக்க வந்தன்னிக்குக்கூட இவ்வளவு நேரம் பாக்கல."

"பேசாமப் பாருங்க."

பார்த்தார். டீ ஆறிப்போனது. "ஏம்புள்ள, நீ கண்ண மூடவே மாட்டேங்கற! மீனாட்டம் முழிச்சுட்டு இருக்கற. தலைய வேற அண்ணாந்து வெச்சிருக்கற" என்றார். எனக்கே வியப்பாக இருந்தது. கழுத்து வலிக்கிறதென்று லேப்டாப்பை ஏதேதோ புத்தகங்களின்மேல் ஏற்றி வைத்திருந்தேன். திரை மேலே போகப்போகக் கண்ணும் அகலமாகத் திறந்துகொண்டது. புத்தகங்களை எடுத்தேன். ஒவ்வொரு பத்தி முடிவிலும் கண்ணை இறுக்கி மூடித் திறக்கப் பழகினேன். எரிச்சல் குறைந்தது, ஆனால் போகவில்லை.

மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கொடியில் துணி காயாது. ஹீட்டர் உள்ள வீட்டில் ஹீட்டர்தான் கொடி. சூடான காற்றை ஊதுகிற எங்கள் ஹீட்டரை மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூல்மேல் வைத்திருப்பேன். குளிருக்கும் ஆச்சு, துணிக்கும் ஆச்சு. ஒருநாள் காலையில் அவருடைய காக்கிச் சட்டையைப் பிழிந்து, என் பக்கத்து நாற்காலியின் முதுகில் போட்டுவிட்டு வேலையில் இறங்கினேன். மத்தியானம் எழுந்தபோது எடுத்துப் பார்த்தேன். காலர் அப்பளமாட்டம் மொறமொறவென்று இருந்தது.

காலரைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். சட்டை தொங்கிய உயரமும் என் முகம் இருந்த உயரமும் ஒன்று. அதே காற்று. அது சட்டையைக் காயவைத்துவிட்டுக் கண்ணை மட்டும் சும்மா விடுமா? அடிப்பாவி, ஏசியா என்று அந்தப் பெண் கேட்டதற்குச் சிரித்தாயே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். ஊரெல்லாம் ஈரமாக இருந்து என்ன, என் மேசையில் இல்லையே!

ஹீட்டரை மூலைக்குத் தள்ளி, சுவரைப் பார்த்துத் திருப்பினேன். காலுக்குக் கம்பளி, மடியில் வெந்நீர்ப் பை. சட்டையை அயர்ன் பண்ணிக் காயவைத்தோம். சில நாட்களில் மத்தியான எரிச்சல் நின்றது. எழுத்துகள் அவையவை இடத்தில் நின்றன.

மாதக் கடைசியில் சூப்பர்வைசர் போன் செய்தார். "ஒரு தப்புகூட இல்லைங்க மேடம். ஊட்டுல இருந்தே பாருங்க."

கத்திக்கொண்டே அடுக்களைக்கு ஓடினேன். கணவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். "நெசமாவா?" என்று கேட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நாளைக்கு டிப்போவுல வேண்டாம்னு சொல்லிர்றேன்" என்றார்.

"என்னத்த வேண்டாம்னு?"

"கோயம்புத்தூருக்கு மாத்திக் கேட்டிருந்தேன். உன்னத் தனியா எப்படி அனுப்பறது?"

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே! இந்த மலையில் பிறந்த மனுஷன், அடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினாலே ஒரு மணி நேரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

"ஏனுங்க, அந்த வெயிலு உங்களுக்கு ஆகுமா?"

"ஆகாது" என்றார்.