அண்ணன் கொடுக்காத உள்ளங்கை

எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வருகிறவர்கள் காலையிலிருந்து கை கழுவாமல் வருகிறார்கள். அப்படி வரச் சொல்லி நாங்கள்தான் கடிதம் அனுப்புகிறோம். பஞ்சு சுற்றிய குச்சியால் உள்ளங்கையைத் துடைத்து எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிக் காபியும் கொடுக்கிறோம். ஜெர்மனிக்கு வந்து ஆறு வருடமாகியும் இந்தக் காட்சி எனக்குப் பழகவில்லை.

மனிதத் தோலில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றிய ஆராய்ச்சி அது. அந்தத் தகவலையெல்லாம் யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கும்படி ஒரு டாஷ்போர்டு செய்வது என் வேலை. திரையில் ஒரு மனித உருவம் நிற்கும். நெற்றியைச் சொடுக்கினால் நெற்றியில் வாழ்பவை, உள்ளங்கையைச் சொடுக்கினால் அங்கே வாழ்பவை வண்ணப் பட்டைகளாக விரியும். வயது, தொழில் என்று பிரித்தும் பார்க்கலாம். ஆனால் தொழில் பட்டியலில் மாணவர்களும் அலுவலக ஊழியர்களும்தான் இருந்தார்கள். என் அண்ணனுக்குப் பேரணாம்பட்டில் தோல் பதனிடும் டேனரியில் வேலை என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். ஆய்வை நடத்தும் பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். விடுமுறைக்கு நான் ஊருக்குக் கிளம்பியபோது அனுமதிக் காகிதங்களோடு குச்சிகள் அடைத்த குழாய்களையும் கொடுத்தனுப்பினார்.

அண்ணன் பத்தாவதோடு படிப்பை நிறுத்தித் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டி வேலைக்குப் போனதால்தான் நான் வேலூரில் கல்லூரிக்குப் போனேன். இப்போதும் வேலை முடிந்து வந்ததும் மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவுகிறார். குழம்பின் காரம் கை வெடிப்பில் ஏறும் என்று ஸ்பூனால் சாப்பிடுகிறார். நான் போன அன்று இரவு அவர் சாப்பிட்டு முடித்ததும் விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"இத குடுத்தா வெடிப்பு ஆறுமா?"

"இது வைத்தியம் இல்லண்ணா. ஆராய்ச்சிக்கு. கம்ப்யூட்டர்ல எல்லாரும் பாப்பாங்க. உன் பேரு இருக்காது."

அவர் கைகளை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"பொண்ணு பாக்கப் போன எடத்துல இந்தக் கைய துண்டுக்குள்ள மறச்சிக்கினு உக்காந்திருந்தேன். இப்ப ஊர் உலகமே பாக்கவா? வேணாம் ஸ்டெல்லா. பேஜாரா இருக்குது."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டதற்கே கூச்சமாக இருந்தது. அவரோ சற்று நேரத்தில், அங்கே குளிர் ஜாஸ்தியா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

ஜெர்மனிக்குத் திரும்பியதும் குழாய்களைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தேன். என் அரைகுறை ஜெர்மனில் விளக்கியதைக் கேட்ட பேராசிரியர், அண்ணன் கூச்ச சுபாவம் உள்ளவர் என்று புரிந்துகொண்டார். "கைன் ப்ராப்ளேம்," பரவாயில்லை, அடுத்த முறை கேட்டுப் பாருங்கள் என்றார். கூச்சம் வேறு, இது வேறு என்று சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. தமிழில் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனா, தெரியவில்லை. அவ்வளவு களைப்பாக இருந்தது.

தோல் தொழிலாளி இல்லாமலே டாஷ்போர்டு வெளிவரத் தயாரானது. கடைசிச் சோதனைக்கு என் கையையே கொடுத்தேன். படிவத்தில் நாடு என்ற கட்டத்தில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அப்படி அதை எழுதியவளும் நான்தான். பட்டியலில் ஜெர்மனிக்கும் இந்தியாவுக்கும் நடுவே அம்புக்குறி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.