நடராஜன் அங்கிள் சொன்ன 'யெஸ்'

கரண்ட் கம்பெனி தேடுவது வரன் பார்ப்பது மாதிரி. ஜாதகத்தில் எல்லாம் பொருந்தியிருக்கும், குடித்தனம் ஆரம்பித்த பிறகுதான் சுயரூபம் தெரியும். நியூ ஜெர்சியில் வீடு வாங்கி மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கம்பமும் கம்பியும் ஒரே கம்பெனியுடையவை. அதில் வருகிற கரண்டை மட்டும் வேறு யாரிடம் வேண்டுமானாலும் வாங்கலாம். யாரிடம் வாங்கினால் லாபம் என்று பார்த்துச் சொல்வது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. பிரிட்ஜ்வாட்டர் கோயில் கேன்டீனில் லேப்டாப்பைத் திறந்தால் போதும், ஆளுக்கொரு பில்லோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கூலி ஒரு பிளேட் புளியோதரை.

ஈரோட்டுக் குரல்

ஒரு சனிக்கிழமை என் மனைவி ஷோபனா ஃபோனில் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல். "ஏனுங்க்கா, சாப்ட்டீங்களா? அங்க குளிரு ரொம்பங்களா?" என்று குசலம் விசாரித்துவிட்டு, ரேட் ஏறவே ஏறாத பிளான் ஒன்று இருப்பதாகச் சொன்னது. ஷோபனாவுக்குச் சொந்த ஊர் ஈரோடு. விடுவாளா? "நீ ஈரோட்டுல எங்கம்மா?" என்றாள். "பஸ் ஸ்டாண்டு பக்கந்தானுங்க்கா" என்று பதில் வந்தது, கூடவே ஒரு சிரிப்பும்.

எனக்கு என்னவோ உறுத்தியது. நடுவில் புகுந்து, "உங்கப்பா பேர் என்னம்மா?" என்று கேட்டேன். "பஸ் ஸ்டாண்டு பக்கந்தானுங்க்கா." அதே இழுப்பு, அதே சிரிப்பு, சிரிப்புக்கு நடுவே அதே சின்ன மூச்சு. சட்டென்று ஃபோனைப் பிடுங்கி அணைத்தேன். ஷோபனாவுக்கு வந்ததே கோபம். "மெஷினாவே இருந்துட்டுப் போகட்டுமே! இந்த ஊர்ல வேற யாரு என்னைச் சாப்ட்டியான்னு கேக்கறாங்க?"

வாசலில் வந்தவர்

நம்மவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வாசலில் எவன் குளிரில் நின்றாலும் உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுப்போம். காபி குடித்தவன் கேட்டால் கரண்ட் பில்லையும் எடுத்து நீட்டுவோம். அதிலிருக்கும் அக்கவுன்ட் நம்பர் கிடைத்தால் பாதிக் காரியம் முடிந்தது, நம்மைக் கேட்காமலே கம்பெனியை மாற்றிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். கேன்டீனில் இதைத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன்.

அதனால் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லெட்டுமாக ஒருவர் வந்தபோது, நான் கதவைப் பாதிதான் திறந்தேன். பக்கத்து வீட்டு நடராஜன் தங்கள் கம்பெனிக்கு மாறிவிட்டார், நீங்களும் மாறலாமே என்றார். நடராஜன் அங்கிள் இறந்து இரண்டு மாதமாகியிருந்தது. அவரைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். எப்போது மாறினார் என்று கேட்டேன். டேப்லெட்டைத் தடவிப் பார்த்து, போன வாரம் என்றார். அவர் உயிரோடு இல்லையே என்றேன். வந்தவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. திரும்பவும் டேப்லெட்டைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "அவர் பேசின ரெக்கார்டிங்கை நானே கேட்டேன் சார், ரொம்ப மரியாதையான மனுஷர்."

எழுத்தெழுத்தாக ஒரு பெயர்

அங்கிளின் மனைவி வசந்தா ஆன்ட்டியிடம் ஓடினேன். நான் பயந்தபடியே அந்த ஆளுக்குக் காபி கிடைத்திருந்தது, பில்லும் கிடைத்திருந்தது. கணக்கு இன்னும் அங்கிள் பெயரிலேயே இருந்தது. கரண்ட் விற்பவன் மட்டும் புதியவன். பிளானோ நான் பார்த்ததிலேயே படுமோசம், முதல் மாதம் மலிவு, அப்புறம் அவர்கள் வைத்ததுதான் ரேட். அந்தக் கம்பெனியைக் கூப்பிட்டு, யார் சம்மதித்தது என்று சண்டை போட்டேன். ஆதாரம் இருக்கிறது, கேளுங்கள் என்றார்கள்.

ஸ்பீக்கரில் அங்கிள் பேசினார். "யெஸ், திஸ் இஸ் நடராஜன்." கேட்டதும் தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார், விலாசம் சொன்னார். "யெஸ், ஐ அக்ரீ" என்பதற்கு முன்னால் தொண்டையைக்கூட அவர் மாதிரியே கனைத்துக்கொண்டார். ஆன்ட்டி நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்.

அங்கிளின் செல்ஃபோன் இணைப்பை ஆன்ட்டி இன்னும் கட் பண்ணவில்லை. அந்த நம்பரைக் கூப்பிட்டால் வாய்ஸ்மெயிலில் பேசுவது இன்னும் அவர் குரல்தான். அதைக் கேட்டு ஏதோ மெஷின் அவர் மாதிரி பேசக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்று விளக்கினேன். "ஸ்டேட் கவர்ன்மென்ட்ல கம்ப்ளைன்ட் பண்ணலாம் ஆன்ட்டி. இன்னைக்கே கேன்சல் பண்ணிடறேன்."

"கேன்சல் பண்ணா அந்த ரெக்கார்டிங் என்னப்பா ஆகும்?"

"அது நமக்கெதுக்கு ஆன்ட்டி? அழிச்சிடுவாங்க."

ஆன்ட்டி என் கையிலிருந்து ஃபோனை மெதுவாக வாங்கிக்கொண்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அது அவர் இல்லைன்னு எனக்குத் தெரியாதாப்பா? வீடியோல அவர் பேசினதெல்லாம் எனக்கு மனப்பாடம். போனதுக்கப்புறம் அவர் புதுசாப் பேசினது இது ஒண்ணுதான். கேன்சல் பண்ணாதே, இன்னொரு தடவை போடச் சொல்லு."

இத்தனை வீடுகளுக்கு மலிவான பிளான் தேடிக் கொடுத்த நான், ஊரிலேயே படுமோசமான பிளானை 'இருக்கட்டும்' என்று விட்டுவிட்டு வந்தது அந்த ஒரு வீட்டில்தான்.