இரண்டு அகராதி தூரம்

அருள்புரத்தில் நான் குடியிருக்கும் லைன் வீட்டில், பக்கத்து அறைக்கு ஒரு அஸ்ஸாம் பெண் வந்தாள். என் பனியன் கம்பெனியிலேயே தையல் வேலை. நான் செக்கிங். அவளை எல்லோரும் இந்திக்காரப் பொண்ணு என்றார்கள். அவளுக்கோ இந்தி அரைகுறை. எனக்குத் தெரிந்த இந்தி எல்லாம் கம்பெனியில் கற்றது: ஜல்தி, பைட்டோ, பந்த் கரோ; சீக்கிரம், உட்காரு, நிறுத்து. அதை வைத்து ஆளை அதட்டலாம், சாப்பிட்டாயா என்று விசாரிக்க முடியாது.

மகன் துபாய் போன பிறகு, வேலை முடிந்து வந்தால் எனக்குப் பேச ஆளில்லை. சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அம்மாவோடு போனில் பேசுவது கேட்கும். ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் டிவியைக் குறைத்துவிட்டுக் கேட்பேன்.

ஒருநாள் அவள் ‘அக்கா’ என்று கூப்பிட்டுக்கொண்டு தன் பள்ளிக்கூடத்து அகராதியை எடுத்து வந்தாள். அஸ்ஸாமியிலிருந்து இங்கிலீஷ். என்னிடம் மகன் விட்டுப்போன இங்கிலீஷ்-தமிழ் அகராதி இருந்தது. அவள் ஒரு சொல்லில் விரல் வைப்பாள். எதிரே உள்ள இங்கிலீஷை நான் என் புத்தகத்தில் தேடுவேன். போனில் மொழிமாற்றிப் பார்த்தோம். அது ஏதோ ஆபீசர் மாதிரி பேசியது. சிரித்துவிட்டு ஓரமாக வைத்தோம்.

அவர்கள் எழுத்துக்கு மேலே ஒரு கோடு. கொடியில் வரிசையாகக் காயும் பனியன் மாதிரி எழுத்துகள் தொங்கும். அ, ஆ, இ, ஈ என்று நம்முடையதைப் போலத்தான் தொடங்குகிறது. ‘ச’ வரும் என்று நான் நினைக்கிற இடத்தில் அவள் தொண்டையிலிருந்து காற்றை விடுவாள். நான் முயன்றால் இருமல்தான் வந்தது. மெல்ல மெல்ல எழுத்துக் கூட்டப் பழகினேன்.

அகராதியின் முதல் பக்கங்களிலேயே ஒரு சொல்லைக் காட்டினாள். என் புத்தகம் ‘தனிமையில் வாடுகிற’ என்றது. ஊரை விட்டு வந்த பிள்ளை, பாவம் என்று அவள் தலையைத் தடவினேன். அவள் இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு என்னைக் காட்டினாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எனக்கென்ன குறை? எழுந்து போய்த் தோசைக்கல்லை வைத்தேன். அவளுக்கும் சேர்த்துத்தான் ஊற்றினேன்.

அவளுக்குத் தமிழ் ஓரளவு பேச வந்த பிறகு, சித்திரையில் வரும் பிஹு பண்டிகைக்கு ஊருக்குக் கிளம்பினாள். எங்கள் லைன் வீட்டில் ஒரு வழக்கம்: திரும்பி வருகிறவர்கள் அடுப்பையும் பாத்திரத்தையும் அறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்கள். அவள் எல்லாவற்றையும் மூட்டை கட்டினாள். அகராதியை மட்டும் என் கையில் கொடுத்தாள். அதைப் பிடித்துக்கொண்டு, வந்துவிடுவாள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். வர வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டேன்.

ஆடி பிறந்ததும் வீட்டு ஓனர் வந்தார். “அந்தப் புள்ள வராதாட்ட இருக்குதுங்க. ரூமை வேற ஆளுக்கு உட்டுட்டனுங்க.”

அவளுக்குப் போன் போட்டேன்.

“அக்கா, வரலீங்க. ஊர்லயே வேலை கெடச்சிருச்சுங்க.” கம்பெனியில் கற்ற தமிழ், ‘ங்க’ ஒன்றும் குறையவில்லை.

“உன்ற புஸ்தகம் இங்கயே இருக்குது கண்ணு. அனுப்பி உடட்டுமா?”

“வேண்டாங்க அக்கா. இங்க எல்லாரும் எங்க பாஷைதானுங்க. நீங்க வெச்சுக்கங்க.”

நல்லது கண்ணு என்றேன். அவளுக்காகச் சந்தோஷமாகத்தான் இருந்தது. போனை வைத்த பிறகு அகராதியின் முதல் பக்கங்களைப் புரட்டினேன். அன்றைக்கு அவள் என்னைக் காட்டிய அந்தச் சொல்லை எழுத்துக் கூட்டி, இருமாமல், சத்தமாகவே படித்தேன். அதற்கு அர்த்தம் பார்க்க மகனுடைய புத்தகம் தேவைப்படவில்லை.