விரிப்புப் போட்ட மேஜை

காக்ஸ் டவுனில் தன் அப்பா கட்டிய வீட்டை நாள் வாடகைக்கு விட்டிருந்த மேடம் யாரையும் நம்பமாட்டார். டிவியைச் சுவரோடு சேர்த்துத் திருகாணி போட்டு முடுக்கியிருந்தார். ரிமோட்டுக்குச் சங்கிலி. வெள்ளைப் படுக்கை விரிப்புகளை எடுத்துவிட்டுக் கரும்பழுப்பு வாங்கிப் போட்டார். கரண்டி எத்தனை, டவல் எத்தனை என்று எழுதிய காகிதம் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும். பூட்ட முடியாமல் விட்டது ஒன்றே ஒன்று, கூடத்தில் இருந்த தேக்கு மேஜை. அது அவருடைய அப்பா சாப்பிட்ட மேஜை. விளம்பரப் படத்தில் அதைப் பார்த்துத்தான் ஆட்கள் வருகிறார்கள் என்பதால் அங்கேயே கிடந்தது.

அம்மா அந்த வீட்டில் நான்கு வருடம் துடைத்துப் பெருக்கினாள். அப்பா கே.ஆர்.புரத்தில் வேறொரு குடும்பத்தோடு இருந்தார். அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. நாங்கள் ஈஜிபுராவில் ஓர் அறையில் இருந்தோம். மழை பெய்தால் தண்ணீர் உள்ளே வரும், அடுப்பைக் கட்டில்மேல் தூக்கி வைப்போம். அந்த வருடம் மேடம் பெரிய மனது பண்ணி, காம்பவுண்டுக்குள் டிரைவருக்கென்று கட்டிய பின்னறையை எங்களுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். வாடகை கிடையாது. அடுத்த மாதம் காலி செய்கிறோம் என்று ஈஜிபுரா வீட்டுக்காரரிடம் அம்மா சொல்லியும்விட்டாள்.

விருந்தாளிகள் எதையாவது உடைத்தால், புக்கிங் பிடித்துக் கொடுக்கும் கம்பெனி நஷ்டத்தை ஈடுகட்டும். ஆனால் படம் வேண்டும். அடுத்த விருந்தாளி உள்ளே வருவதற்குள் சொல்லியும் ஆக வேண்டும். அதனால் மேடம் ஒரு பழைய போனைக் கொடுத்து விதி போட்டிருந்தார். ஆள் போனதும் எதையும் தொடாமல் பதினோரு படம். சுத்தம் செய்தபின் இன்னொரு பதினோரு படம். இரண்டும் போனில் உள்ள குரூப்புக்குப் போக வேண்டும். அம்மாவுக்குப் போன் பழக்கமில்லை, லீவு நாட்களில் படம் எடுப்பது நான்தான். பள்ளி நாட்களில் அவளே தடவித் தடவி எடுப்பாள்.

அந்த விதியை நாங்கள் ஒருநாளும் ஒழுங்காகப் பின்பற்றியதில்லை. குரூப்பில் மேடத்தின் கணவர் இருந்தார், கணவரின் தம்பியும் இருந்தார். மெத்தைமேல் கிடக்கும் உள்ளாடையையும் குளியலறையில் கிடக்கும் வாந்தியையும் படமெடுத்து ஆம்பிளைகள் பார்க்க அனுப்புவதா என்று அம்மா கேட்பாள். தான் நிற்கும் வீடு அந்தக் கோலத்தில் நாலு பேர் கண்ணில் படுவது அவளுக்குத் தன்னையே அவர்கள் அப்படிப் பார்ப்பது மாதிரி. அதனால் முதலில் கழுவுவோம். பிறகு முதல் பதினோரு படம், கொஞ்சம் விட்டு இரண்டாவது பதினோரு படம். இரண்டும் ஒரே மாதிரி இருக்கக் கூடாதே என்று நான் நாற்காலியை நகர்த்துவேன், திரையை ஒதுக்குவேன். மாதக்கணக்கில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. படம் அழகாக இருக்கிறது என்று மேடம் கட்டைவிரல் காட்டுவார். நான் அதை அம்மாவிடம் காட்டுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். கதவைத் திறந்ததும் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். சுவரில் சிவப்பாக ஏதோ வழிந்து காய்ந்திருந்தது. மேஜைமேல் ஹூக்கா வைத்துப் புகைத்துவிட்டு, அதன் கரியை அப்படியே கொட்டியிருந்தார்கள். தேக்கில் மூன்று கறுப்பு வட்டங்கள், விரல் வைத்தால் பள்ளம் தெரிந்தது. பக்கத்திலேயே சாம்பல் தட்டு இருந்தது. அது சுத்தமாக இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருவது அந்தச் சாம்பல் தட்டுதான்.

அம்மா தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. “நேர்ல சொல்லிக்கலாம், நீ மத்ததப் பாரு பாப்பா” என்றாள். மேடத்துக்குப் போன் போட்டாள், அவர் எடுக்கவில்லை, சர்ச்சில் இருந்தார். அம்மா குளியலறைக்குள் போய்விட்டாள். உள்ளே பிரஷ் உரசும் சத்தமும் ஐந்து பேரையும் அவள் திட்டும் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன.

மேஜை எனக்குப் பாவமாக இருந்தது. அலமாரியிலிருந்து பூப்போட்ட விரிப்பை எடுத்து அதன்மேல் போட்டேன். காம்பவுண்டில் காகிதப்பூ பறித்து ஜாடியில் வைத்தேன். சுவரையும் குளியலறையையும் கழுவி முடித்தபின் முதல் பதினோரு படம் எடுத்தேன். ஜாடியை இடப்பக்கம் நகர்த்தி இரண்டாவது பதினோரு படம் எடுத்தேன். அனுப்பினேன்.

ஒன்றரை மணிக்கு மேடம் போனை எடுத்தார். மேஜையைச் சுட்டுவிட்டார்கள் என்று அம்மா சொன்னாள். படத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டார். இரண்டு மணிக்கு அடுத்த விருந்தாளிகள் பெட்டியை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மேடம் நேரில் வந்தார். பள்ளி விட்டதும் நான் அங்கே போயிருந்தேன். விரிப்பு தரையில் கிடந்தது. கம்பெனி அந்த இருபத்திரண்டு படங்களைக் காட்டி ஒன்றும் கிடையாது என்று சொல்லிவிட்டதாம். அந்த ஐந்து பேரும், நாங்கள் போகும்போது வீடு எப்படி இருந்தது என்று உங்கள் ஆளே எடுத்த படத்தைப் பாருங்கள் என்று எழுதியிருந்தார்களாம்.

“தலையணை உறையெல்லாம் இந்த மேஜைமேல வெச்சுதானே அயர்ன் பண்ற? சூடா வெச்சுட்டு மறைச்சிருக்க.”

“அயர்ன் பொட்டி ரவுண்டாவா மேடம் இருக்கும்?” என்று அம்மா கேட்டாள்.

எதிர்வீட்டு வாட்ச்மேன் சனிக்கிழமை சாயந்திரம் அவர்கள் படியில் கரி பற்றவைத்ததைப் பார்த்தவர், எங்களிடம் சொல்லிச் சிரித்தவர். அம்மா அவரைக் கூப்பிட்டாள். அவர் மேடத்தின் முகத்தைப் பார்த்தார். “நனகேனு கொத்தில்லம்மா” என்று, தனக்கு எதுவும் தெரியாது என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனார்.

மேடம் போனை நீட்டினார். “ரெண்டு செட்டும் க்ளீன் பண்ணப்புறம் எடுத்தது. ஜாடிய நகத்தி நகத்தி வெச்சு எடுத்திருக்கு. என்னைப் பார்த்தா முட்டாள் மாதிரி தெரியுதா? யார் இந்தத் துணியப் போட்டது?”

போனில் படம் தெரிந்தது. உண்மையில் நன்றாகத்தான் வந்திருந்தது. வெளிச்சம் ஜாடிமேல் விழுந்து, விளம்பரத்தில் வருவதைவிட நன்றாக இருந்தது. நான் வாயைத் திறந்தேன்.

“நான்தான் போட்டேன்” என்றாள் அம்மா. “படமும் நான்தான் எடுத்தேன்.”

மேடம் சாவியைக் கேட்டார். அம்மா இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். இத்தனை நாள் நம்பியதற்கு இதுவா என்று மேடம் கேட்டார். நம்பினாராம். சங்கிலியும் திருகாணியும் கரண்டிக் கணக்கும் வைத்திருந்தவர் சொன்னார். பின்னறையைப் பற்றி அவரும் பேசவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. ஈஜிபுரா அறைக்கு வேறு ஆள் முன்பணம் கொடுத்துவிட்டார். மூன்று வாரத்தில் நாங்கள் சாமானோடு தெருவில் நின்றோம். அதன் பிறகு நான் ஏழாவதோடு படிப்பை விட்டதும், ஊர் ஊராகப் போய் விடுதிகளில் படுக்கை விரித்ததும் வேறு கதை. கோவாவிலும் ஹைதராபாத்திலும் நான் கதவைத் திறந்ததும் எச்சிலையும் ரத்தத்தையும் கிடக்கிறபடியே படமெடுக்கிறேன். யார் பார்த்தால் எனக்கென்ன. மரத்தைச் சுட்டவர்களுக்குப் பேச ஒரு கம்பெனி இருந்தது, மேடத்துக்கு ஒரு குரூப் இருந்தது. அம்மாவுக்கு இருந்தது, நான் எடுத்த படங்கள்.

ஆனால் அன்று சாயந்திரம் எனக்கு இந்த எரிச்சல் எதுவும் இல்லை. எனக்குக் கோபம் அம்மாமேல். விரிப்பைப் போட்டது நான், பூப் பறித்தது நான், படமெடுத்தது நான். அதையெல்லாம் தான் செய்ததாக அவள் ஒரு பெரிய மனுஷியிடம் கூசாமல் பொய் சொன்னாள். பஸ்ஸில் கேட்டேன். “எதுக்கும்மா பொய் சொன்ன?”

“கம்முனு வா” என்றாள்.

இறங்கியபின் ரோட்டைக் கடக்க அவள் கையை நீட்டினாள். நான் பிடிக்கவில்லை. கொஞ்ச தூரம் போய் மறுபடியும் நீட்டினாள். பொய் சொல்கிறவள் கையை எதற்குப் பிடிக்க வேண்டும் என்று, புத்தகப் பையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, நான் தனியாக நடந்தேன்.