ஆயில் வேறு, எண்ணெய் வேறு

அருமைநாயகம் அண்ணனிடம் எனக்குப் பிடிக்காத குணம் ஒன்று உண்டு. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவார். ஒரு கார் மெக்கானிக் இப்படி இருந்தால் பிழைப்பு எப்படி ஓடும்? மாப்பிள்ளையூரணியில் அவருடைய ஒர்க்‌ஷாப்பும் என் ஸ்பேர் பார்ட்ஸ் கடையும் ஒரே தகரக் கூரைக்குக் கீழேதான். "ஏதாவது ஒண்ணச் சொல்லி அனுப்புங்கண்ணே" என்று நானும் பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிப் பார்த்தேன். "வாயில வந்ததச் சொல்லதுக்கா வண்டியப் பாக்கேன்?" என்பார். சாயர்புரத்துக்காரருக்கு வீம்பு அதிகம்.

முன்பெல்லாம் ஒரு சொட்டை விரலில் தொட்டு மோந்து பார்த்தே எது கருகியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். கொரோனா வந்து அந்த மூக்கைக் கொண்டு போய்விட்டது. காய்ச்சல் விட்டது, வாசனை திரும்பவில்லை. அதற்குப் பிறகு கண்ணும் கையும்தான். மீதியை வண்டிக்காரரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

போன மே மாதம் ஒரு வியாழக்கிழமை ஜேசுதாசன் தண்டல் தன் பழைய வெள்ளைக் காண்டெஸாவைக் கொண்டுவந்தார். தோணி ஓட்டுகிற தலைவரைத் தூத்துக்குடியில் தண்டல் என்போம். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் முப்பது வருஷம் ஓட்டி ஓய்ந்தவர். திங்கட்கிழமை அவர் மகள் ஷெர்லினுக்குக் கல்யாணம். இந்தக் காரில்தான், தானே ஓட்டித்தான், மகளைக் கோயிலுக்குக் கூட்டிப்போவது என்று அவள் பிறந்த அன்றைக்கே முடிவு பண்ணிய மனுஷர்.

"பவர் ஸ்டியரிங்ல என்னமோ கோளாறுவே. ரெண்டு தடவ, உச்சி வெயில்ல, வளைவுல திருப்புதேன். ஸ்டியரிங் மட்டும் ஒரு சாண் சும்மா சுத்துது. வண்டி திரும்பல. பொறவு தானாப் பிடிச்சுக்கிட்டு."

அண்ணனின் முகம் சுருங்கியது. ஸ்டியரிங் கனக்கிறது என்றால் அவருக்குக் கவலை கிடையாது. பம்ப், பெல்ட், ஆயில் என்று வரிசையாகப் போய்ப் பிடித்துவிடுவார். சும்மா சுற்றுவது பம்ப் வேலை இல்லை. கைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் எங்கேயோ பிடி விடுகிறது.

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இஞ்சினை ஓடவிட்டு, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினார். முனகல் இல்லை. ஆயிலில் நுரை இல்லை, அளவும் குறையவில்லை. என்னிடமிருந்து புதுப் பெல்ட் வாங்கிப் போட்டார். நிழலில் நின்ற வண்டி நல்ல பிள்ளையாக எல்லாவற்றுக்கும் தலையாட்டியது. எனக்கு அது பிடிக்கவில்லை. நோயை ஒளிக்கிற ஆளைப் பார்த்தால் வருகிற பயம் வந்தது.

கீழே படுத்திருந்த அண்ணன் கேட்டார், "அடி பூரா ஈரமா இருக்கே அண்ணாச்சி. ஆயில் ஏதும் ஊத்துனீங்களா? எங்கனயாவது ஆயில் பட்டுச்சா?"

"ஒரு சொட்டு ஆயில் நான் தொடலவே."

பெல்ட்டைக் கொடுக்கப் போனபோதே எனக்கு வாடை அடித்துவிட்டது. மீன் வாடை. அழுத்தமான, வெயிலில் காய்ந்த வாடை. தண்டலோ பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். கடற்கரை ஆட்களிடம் போய் மீன் வாடை என்றால் அது காரைச் சொன்னதாக இருக்குமா? ஆளைச் சொன்னதாகத்தானே ஆகும்? என் வாடிக்கையில் பாதி அவர்கள்தான். மரியாதை என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அவர் போன பிறகாவது அண்ணனிடம் சொல்லியிருக்கலாம். மறந்தே போனேன்.

சனிக்கிழமை தண்டல் வந்து நின்றார்.

"கண்டுபிடிக்கல அண்ணாச்சி. ஸ்டியரிங் ராடைக் கழட்டி ஒவ்வொண்ணாப் பாக்கணும். செவ்வாய்க்கிழமை வரைக்கும் விடுங்க."

"கல்யாணம் திங்கக்கிழமைவே!"

"அப்போ வேற வண்டி பிடிங்க. புள்ளைய இதுல ஏத்தாதீங்க."

"சுக்கான் ஒடைஞ்ச தோணியவே மாலத்தீவுல இருந்து கொண்டாந்தவன் நான்" என்று சிரித்துக்கொண்டே சாவியை எடுத்துப் போய்விட்டார். அண்ணன் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கே தகரம் காய ஆரம்பித்துவிட்டது. அண்ணன் என் கடை வாசலில் நின்று, எதை விட்டோம், எதை விட்டோம் என்று முனகிக்கொண்டிருந்தார். அவர் மனதைத் திருப்பத்தான் வேடிக்கையாகச் சொன்னேன், "அந்த வண்டி வாடைக்கு உங்க மூக்கு போனதும் நல்லதுதான்."

"என்ன வாடை?"

"மீனெண்ணெய் வாடைண்ணே. குடலப் புரட்டிட்டு."

அவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். ஸ்டியரிங் ராடு கியர்பாக்ஸோடு சேருகிற இடத்தில் ஒரு வட்ட ரப்பர் இருக்கும். அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்தபோது முழுசாகத்தான் இருந்தது. எண்ணெய் குடித்த ரப்பர் வெளிப்பார்வைக்கு முழுசாகத்தான் இருக்கும். இஞ்சின் சூடு ஏற ஏற உள்ளே களியாகிப் பிடி விட்டுவிடும்.

தண்டலுக்குப் போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். எடுத்தது ஷெர்லின். "அப்பா ஓட்டுதாவ அங்கிள். கோயிலுக்குத்தான் போறோம்."

"தாயீ, காருக்கு அடியில மீனெண்ணெய் பூசுனாரான்னு கேளு."

தண்டலின் குரல் உற்சாகமாகக் கேட்டது. "ஆமா, போன மாசம் பூராவும் பூசுனேன். உப்புக்காத்துக்குத் தோணிக்குப் பூசுத மாதிரி. அதுக்கென்னவே?"

"ஆயில் பட்டுச்சான்னு கேட்டேனே அண்ணாச்சி!"

"நீரு ஆயிலத்தான கேட்டீரு? எண்ணெயக் கேக்கலையே."

"நிறுத்துங்க! அங்கனயே நிறுத்துங்க!"

"இந்த வளைவத் தாண்டி..." என்றார் தண்டல். அப்புறம் மகளிடம் "ஏளா, பிடிச்சுக்கோ" என்றார். அதற்குப் பிறகு போனில் வந்த சத்தத்தை நான் எழுதப் போவதில்லை.

உப்பளத்துக்குள் தலைகுப்புறக் கிடந்தது கார். நாங்கள் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது தண்டல் முட்டளவு உப்புத் தண்ணீரில் நின்று மகளைத் தூக்கிப் பிடித்திருந்தார். வெள்ளைப் புடவையில் இடுப்புக்குக் கீழே ரத்தம். வலது முழங்கால் நொறுங்கியிருந்தது. மூன்று மாதம் கழித்துக் கல்யாணம் நடந்தது. பீடத்துக்கு முன்னால் மாப்பிள்ளை மட்டும் முழந்தாள்படியிட்டார். ஷெர்லின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கால் இனிமேல் மடங்காதாம்.

கல்யாணம் முடிந்த வாரம் தண்டல் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். அதே ஸ்டூலில் உட்கார்ந்து, அண்ணன் கழற்றி வைத்திருந்த ரப்பரைக் கையில் வாங்கினார். விரல் பட்ட இடம் பிய்ந்து வந்தது.

"பூசுனது நான். அத நான் சொமக்கேன்" என்றார். "ஒண்ணே ஒண்ணுதான்வே தூங்க விடமாட்டேங்குது. எனக்கு அந்த வாடை பழகிட்டு. உமக்கு மூக்கு கிடையாது. மூணு நாள் வண்டி இங்கன நின்னுச்சே, வந்து போன ஒருத்தருக்குமா தெரியல?"

நான் குனிந்து பெல்ட் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். அருமைநாயகம் அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு குனிந்து கையைத் துடைத்தார்.

"இல்ல அண்ணாச்சி. ஒருத்தருக்கும் தெரியல."

பன்னிரண்டு வருஷத்தில் அவர் பொய் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.