பன்னிரண்டு சொற்களும் அம்மாவின் பிரதிகளும்

1. நானும் நெளுக்குளத்தில் இருக்கும் என் தோழியும் பங்கு சேர்ந்து இரண்டு டிஜிட்டல் முயல்கள் வாங்கினோம்.
2. அவை நான்கு குட்டிகள் போட்டன.
3. தர்மபுரத்து வாய்க்காலில் விழுந்து என் போன் பழுதானது.
4. முயல்களைத் திரும்ப எடுக்க நான் எழுதிவைத்த தாளைக் கறையான் தின்றிருந்தது.
5. ஒருவருக்கும் காட்டக் கூடாது என்று நான் சொன்ன அந்தத் தாளை, அம்மா எப்போதோ ஊருக்குக் காட்டியிருந்தார்.

ஐந்தாவதுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தோழியும் நானும் வவுனியாவில் ஒரே மென்பொருள் வகுப்பில் படித்தவர்கள். அவள் நன்றாகப் படம் வரைவாள். சொந்தமாகக் கணினி இல்லாததால் போனிலேயே விரலால் வரைவாள். முயல் யோசனை அவளுடையது. இணையத்தில் மட்டும் இருக்கும் முயல்கள். ஒன்றைப் போல இன்னொன்று இராது. இரண்டைச் சேர்த்தால் காதும் நிறமும் கலந்து புதுக் குட்டி பிறக்கும். அழகான குட்டிகளை வாங்க ஆட்கள் இருந்தார்கள். எல்லாம் கிரிப்டோ நாணயத்தில்தான். பிரான்சில் இருக்கும் அவளுடைய அண்ணா பிறந்தநாள் பரிசாகக் கொஞ்ச நாணயம் அனுப்பினார். குட்டிகளை விற்று அவளுக்கு ஒரு லாப்டொப் வாங்குவது எங்கள் திட்டம்.

அந்த நாணயத்தை வைத்திருக்க என் போனில் ஒரு வொலட் திறந்தேன். இரண்டு நாள் சந்தையைப் பார்த்துவிட்டு, அதுவரை குட்டி போடாத இரண்டு முயல்களை வாங்கினேன். ஒவ்வொரு குட்டிக்குப் பிறகும் முயல் ஓய்வெடுக்கும். போடப் போட அந்த ஓய்வு நீளும். அதனால் வயதானவை மலிவு, ஆனால் பயனில்லை. முதல் குட்டி நீலக் காதோடு பிறந்த அன்று போனை அம்மாவிடம் காட்டினேன்.

"தீனி போடத் தேவையில்லை, கூடு கழுவத் தேவையில்லை. இறைச்சிக்கும் ஆகாது," என்றார். "அப்ப என்னத்துக்குப் பிள்ளை வளக்கிறாய்?"

"விக்கத்தான் அம்மா."

"இதையும் காசு குடுத்து வாங்குவினமோ!"

வொலட் திறக்கும்போதே பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களைத் தந்திருந்தது. போன் தொலைந்தால் அவற்றை வேறு போனில் அடித்து எல்லாவற்றையும் மீட்கலாம். வேறு யாராவது அடித்தால் எல்லாம் அவருடையது. கொப்பித் தாளில் எழுதி அலுமாரியின் அடித்தட்டில் வைத்தேன். "ஒருத்தருக்கும் காட்டாதேங்கோ அம்மா. இது போனா எல்லாம் போச்சு."

இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லியிருக்கக் கூடாது. எங்கள் குடும்பம் மலையகத்திலிருந்து வந்தது. இந்த நாட்டுக்காரர் என்று காட்டவே எங்களுக்கு ஒரு தாள் வேண்டியிருந்தது. யுத்தத்தில் இடம்பெயர்ந்து ஓடியபோது அந்தத் தாளும் போனது. அதன் பிறகு அம்மாவுக்கு ஒரு முறை உண்டு. போனால் எல்லாம் போகும் என்ற தாள் எதுவானாலும் போட்டோகொப்பி எடுப்பார், லாமினேட் செய்வார். ஒன்றைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் பையில் போடுவார், இன்னொன்றை வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் கொடுப்பார். அந்தப் பையை நான் பல தடவை கேலி செய்திருக்கிறேன்.

போன் வாய்க்காலில் விழுந்த மறுநாள் ஒரு பழைய போனோடு அலுமாரியைத் திறந்தேன். தாளில் ஏழு சொற்கள்தான் மிஞ்சியிருந்தன. தோழிக்கு அழைத்துச் சொன்னேன்.

"பரவாயில்லையடி. எனக்கு விரல் இருக்குத்தானே," என்றாள்.

அவள் ஏசியிருக்கலாம். குசினியில் போய் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து அழுதேன்.

"அந்த இங்கிலிஸ் தாளோ?" என்றார் அம்மா, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "பையுக்கை கிடக்கு. போய்ப் பார்."

கிடந்தது. என் பிறப்புச் சான்றிதழுக்கும் காணிப் பத்திரத்துக்கும் நடுவில், லாமினேட் செய்தபடி, பன்னிரண்டு சொற்களும். சந்தோஷப்பட்டு முடிவதற்குள் அது கடையில் எடுத்த பிரதி என்பது உறைத்தது.

"எங்கை அம்மா கொப்பி எடுத்தனீங்கள்?"

"டவுன் கடையிலைதான். அங்கை நிக்கிற பிள்ளை, இது என்ன மந்திரமோ எண்டு கேட்டவா. ஓம் எண்டிட்டன்."

"வேறை ஆருக்கும் குடுத்தனீங்களோ?"

"வற்றாப்பளையிலை சின்னம்மாட்டை ஒண்டு. அவா சாமிப்படத்துக்குப் பின்னாலை வைச்சிருக்கிறா. நல்ல பாதுகாப்பு."

சொற்களைப் பழைய போனில் ஒவ்வொன்றாக அடித்தேன். ஆறு முயல்களும் இருந்தன. உடனே வேறொரு வொலட் திறந்து, புதிய பன்னிரண்டு சொற்களோடு, ஒவ்வொன்றாக அதற்கு மாற்றினேன். மாற்றும் கட்டணத்துக்கு மீதி நாணயம் மட்டுமட்டாகப் போதுமாயிருந்தது. கடைசி முயல் வந்து சேர்ந்ததும் தோழியை அழைத்தேன். இந்தத் தடவை அவள் அழுதாள். அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள்.

"அன்ரி, நீங்கள்தான் எங்கடை சேர்வர்," என்றாள்.

"அது என்னடி?"

"எல்லாத்தையும் பத்திரமாய் வைச்சிருக்கிறது."

"ஓம், அது நான்தான்," என்று அம்மா ஒத்துக்கொண்டார்.

அன்று நான் அவரிடம் கோபப்படவில்லை. பையைத் துடைத்து, மறுபடி ஆணியில் மாட்டினேன்.

இப்போது நிலை இது. நீலக் காதுக் குட்டியும் இன்னொன்றும் விற்றுப்போயின. மற்ற நான்கும் எங்களிடம் இருக்கின்றன. சந்தை விழுந்துவிட்டதால் அவற்றை விற்கும் எண்ணம் இல்லை. விற்ற காசில் வாங்கிய ஒரு பாவித்த லாப்டொப் தோழியிடம் இருக்கிறது. புதிய சொற்களைக் கையால் இரண்டு தாள்களில் எழுதினேன். ஒன்று அவளிடம், ஒன்று அம்மாவின் பையில். பழைய சொற்கள் வற்றாப்பளையில் சாமிப்படத்துக்குப் பின்னால்தான் இன்னும் இருக்கின்றன. அவற்றால் இப்போது எதையும் திறக்க முடியாது என்று சொல்லிப் பார்த்தேன். சின்னம்மா எடுக்க விடவில்லை.